நூற்றாறுக்குப் பதினொன்று

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

தாமிரபரணியில் பெரிய வெள்ளம் வந்து ஆற்றோரத்து வாழையெல்லாம் வேரோடு போனதே, அதற்கு அடுத்த வருஷம். தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்தது, மாடிக்கு மாடி கேபிள் வயர் தொங்கியது. வருஷத்துக்கு நம்பர் சொல்ல எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அந்த வருஷத்தில்தான், சேரன்மகாதேவியில் பாதி ஊருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து ரிட்டயர் ஆன நீங்கள், வீட்டு நாய்க்கு மார்க் கேட்டு மூன்று தேசத்துக்குப் போன் போட்டீர்கள்.

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல அக்காதான் எழுதுகிறாள். "அவரைப் பத்திக் கொறச்சுச் சொன்னா எழுத மாட்டேன்" என்றாள். "கூட்டிச் சொன்னா?" என்றேன். "அதுவும் எழுத மாட்டேன்" என்றாள். உங்கள் பெண்சாதியோடு நீங்கள் எப்படிக் காலம் தள்ளினீர்கள் அத்தான்?

ராணியிலிருந்து சொன்னால்தான் மற்றவர்களுக்குப் புரியும். உங்களுடைய முதல் அல்சேஷன் நாய். ஐந்து வயதில் பின்னங்கால் இரண்டும் விட்டுவிட்டன. இடுப்பெலும்பில் கிண்ணம் போல ஒரு குழி உண்டு, தொடையெலும்பின் தலை அதில் பந்து மாதிரி உட்கார்ந்து சுழல வேண்டும், குழி ஆழமில்லை என்றால் பந்து வழுக்கி வழுக்கித் தேய்ந்துவிடும் என்றார் மாட்டாஸ்பத்திரி டாக்டர். பெற்றவர்களிடமிருந்து குட்டிக்கு வருமாம். நீங்கள் ராணியின் வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துப் பின்பாதியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குக் கூட்டிப் போவீர்கள். அவளைப் புதைத்த அன்று, "இனிமே இப்படி ஒரு குட்டி என் வீட்டுல பொறக்க விட மாட்டேம்லே" என்றீர்கள். அதற்குப் பிறகு வந்தவள் கங்கா.

கங்காவுக்கு இரண்டு வயது முடிந்தது. மாப்பிள்ளையும் தயார்: அக்கரையில் இருந்த ரிட்டயர்ட் மேஜர் வளர்த்த சீசர். ஊரார் ஜாதகம் கேட்பார்கள், நீங்கள் எக்ஸ்ரே கேட்டீர்கள். நாய்க்கு எக்ஸ்ரே எடுக்க அப்போது நம் பக்கம் வசதி ஏது? பாளையங்கோட்டையில் உங்களிடம் படித்த ஒருவர் வைத்திருந்த ஆஸ்பத்திரிக்கு, மயக்க ஊசி போட்ட கங்காவைப் போர்வையில் சுற்றித் தூக்கிப் போனோம். தலைப்பக்கம் நீங்கள், வால்பக்கம் நான். பெஞ்சில் இருந்த ஆச்சி ஒருத்தி எழுந்து வழிவிட்டாள்.

"யாருய்யா, மகளா?"

"ஆமா" என்றீர்கள், யோசிக்காமல்.

"எத்தன வயசு?"

"ரெண்டு."

ஆச்சி போர்வையை மேலும் கீழும் பார்த்தாள். "நல்ல வளத்தி" என்றாள். அதற்குள் வால் வெளியே விழுந்துவிட்டது. அந்த ஆச்சி மூட்டு வலியை மறந்து ஓடிய ஓட்டத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

நாய் இடுப்புப் படத்துக்கு மார்க் போடுகிற மூன்று தேசத்துக்கும் அதைப் பிரதி எடுத்து அனுப்பினீர்கள். பதிவு செய்து முறைப்படி வாங்குகிற மார்க் இல்லை. அங்கங்கே இருந்த நம் ஆட்கள் தெரிந்த மருத்துவரிடம் காட்டிக் கேட்டுச் சொன்னதுதான். பூத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கேட்டதை எல்லாம் அப்படியே எனக்குத் திருப்பிச் சொன்னீர்கள். அமெரிக்காவில் வார்த்தையால் சொல்வார்களாம். பிரமாதம், நன்று, பரவாயில்லை, இந்த மூன்றும் தேறியது. அதற்குக் கீழே இழுபறி, பிறகு கோளாறு. கங்கா பரவாயில்லை. ஜெர்மனியில் அல்சேஷனுக்குச் சுத்தம், கிட்டத்தட்ட சுத்தம், இன்னும் அனுமதிக்கலாம் என்று மூன்று படி, மூன்றுக்கும் குட்டி போட அனுமதி உண்டு. கங்கா கிட்டத்தட்ட சுத்தம்.

"பரவால்லங்கான், கிட்டத்தட்டங்கான். ஒருத்தனும் நெஞ்சுல கை வச்சுச் சொல்ல மாட்டங்கானே" என்று சலித்துக்கொண்டீர்கள். இங்கிலாந்தில் எண்ணாகவே தருகிறார்கள் என்று கேட்டதும்தான் உங்கள் முகம் மலர்ந்தது. அங்கே இருந்த உங்கள் மருமகன் லைனில் வந்தான்.

"பதினொண்ணு மாமா."

"எத்தனைக்கு?"

"நூத்தாறுக்கு. ஆனா மாமா..."

ஆனா என்பதைக் கேட்க நீங்கள் இல்லை. ரிசீவரை வைத்துவிட்டீர்கள். வீட்டுக்கு வந்தோம். அக்கா வாசலில் நின்று "என்ன ஆச்சு?" என்றாள். "பெயில்" என்றீர்கள். கங்கா வாலை ஆட்டிக்கொண்டு வந்து உங்கள் கையை நக்கினாள். பெயிலான பிள்ளை மாதிரியா இருந்தாள்?

"உங்ககிட்ட பதினொண்ணு வாங்குன பயலுவ எல்லாம் கல்யாணம் கட்டாமலா கெடக்கான்?" என்றாள் அக்கா. "அவனுவளுக்கு எக்ஸ்ரே எடுத்திருந்தா நானே நிறுத்தியிருப்பேன்" என்றீர்கள். சிரித்தது நான் மட்டும்தான்.

கங்காவுக்குப் பருவம் வந்தது. நீங்கள் அவளை உள்ளறையில் போட்டுப் பூட்டினீர்கள். சேரன்மகாதேவித் தெருநாய் முழுக்க வாசலில் வந்து உட்கார்ந்தது. ஒரு மார்க்கும் வாங்காத கூட்டம்! கம்போடு நான் காவல். பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கங்காவிடம் தாழ்ந்த குரலில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்குக் குட்டி வேண்டாம் என்றில்லை, கொள்ளை ஆசை. ஆனால் இன்னொரு ராணியைப் பார்க்கத் தெம்பில்லை. அது எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் மேஜர் வந்தார், சீசரைப் பிடித்துக்கொண்டு, மீசை துடிக்க.

"சார்வாள், எங்க பையன வேண்டாம்னுட்டீராமே?"

"உம்ம பையன் மேல குத்தமில்ல மேஜர். எங்க பிள்ளைதான் தேறல. நூத்தாறுக்குப் பதினொண்ணு."

"பதினொண்ணா? சீசரோட தாத்தா இங்கிலாந்துக்காரன். அவனுக்கு எட்டு!"

நீங்கள் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினீர்கள். "எட்டா? பையப் பேசும். நாலு பேர் காதுல விழுந்துரப் போவுது."

"விழட்டுமே! எட்டு வே! மாலை போட்டுப் போட்டோ எடுத்திருக்கானுவ!"

பிறகுதான் மேஜர் சொல்லி விஷயம் உடைந்தது. இடுப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்பது இடத்தைப் பார்த்து, குறைக்குத்தான் எண் போடுகிறார்கள் அங்கே. ஒரு பக்கத்துக்கு ஐம்பத்துமூன்று வரை. பூஜ்யம் வாங்கினால் ராஜா. தேறியது, தேறாதது என்று அவர்கள் சொல்வதில்லை. அந்த ஜாதி நாய்கள் பொதுவாக வாங்குவதோடு ஒப்பிட்டு, முடிவை வளர்ப்பவனே எடுக்க வேண்டும். அல்சேஷன் பொதுவாக வாங்குவதைவிடப் பதினொன்று குறைவுதான்.

"தப்புக்கு மார்க் போடுதானா வெள்ளக்காரன்?" என்றீர்கள். சிவப்பு மையிலேயே வாழ்ந்த மனுஷன். "அப்ப நூத்தாறு வாங்குனவன்?"

"எந்திரிச்சு நிக்கவே மாட்டான்" என்றார் மேஜர்.

அக்கா காப்பியோடு வந்தாள். "வாக்கியப் பஞ்சாங்கம் ஒண்ணு சொல்லுது, திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒண்ணு சொல்லுது. வானத்துல இருக்க நட்சத்திரம் ஒண்ணுதான? மூணு தேசத்துக்காரனும் நம்ம பிள்ளையப் போதும்னுதான் சொல்லியிருக்கான். கதவத் தொறங்க" என்றாள். நீங்கள் சாவியை எங்கே வைத்தீர்கள் என்று தேடவே அரைநாள் ஆனது.

ஏழு குட்டிகள். தெருவுக்கே லட்டுக் கொடுத்தீர்கள். ஆறு குட்டிகள் நல்ல வீடுகளுக்குப் போயின. ஏழாவது, எல்லாரையும்விடக் குண்டு, எட்டாம் மாதத்தில் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து முயல் மாதிரி குதித்து ஓடினான். ராணிக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. நான் பார்த்துவிட்டேன். நீங்களும் பார்த்தீர்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

பெற்றவர்களின் படம் நன்றாக இருந்தால் கோளாறு குறையும், அடியோடு போகாது என்றார் டாக்டர். அதை எந்தத் தேசத்து மார்க்கும் உங்களுக்குச் சொல்லவில்லையே அத்தான். எக்ஸ்ரே எடுப்போமா என்று கேட்டேன். "வேண்டாம்லே. இவனுக்கு யாரும் மார்க் போட வேண்டாம்" என்றீர்கள். துரை என்று பெயர் வைத்தீர்கள்.

உடம்பை ஏறவிடாதே, குதிக்கவிடாதே, நீந்தவிடு என்றார் டாக்டர். விடிந்ததும் துரையோடு ஆற்றில் இறங்கினீர்கள். படித்துறையில் ஒருவர், "சார்வாள், இது மனுஷன் குளிக்கித துறை" என்றார். "இவன் ஒண்ணும் துணி தொவைக்க வரலியே" என்றீர்கள். ஆனாலும் மறுநாளிலிருந்து துறையைத் தாண்டிக் கீழே போனீர்கள், அவர் மனம் கோணாமல். பத்து வருஷம், மழைக்காலம் தவிர. துரைக்கு ஒருநாளும் நீங்கள் துண்டு கட்டித் தூக்கவில்லை.

இப்போதைய சேதி இது. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. பூத் இருந்த இடத்தில் கோழிக்கடை. காலையில் நானும் அக்காவும் ஆற்றுக்குப் போகிறோம். நாய் முடி அடுக்களைக்குள் வரக்கூடாது என்று உங்களோடு சண்டை போட்டவள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று அவனைக் கூப்பிடுகிறாள். இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுதித்தான் ஆக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கு நடக்கத் தெம்பிருக்கும் வரை அவனைத் தண்ணீரில் இறக்காமல் விட மாட்டோம். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன் ஆறுமுகம்

கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். மேஜர் போன மாசிக்குப் போய்ச் சேர்ந்தார். சீசர் அவருக்கு முன்பே. கங்காவை நீங்களே புதைத்தீர்கள். நல்ல இடுப்போடு நல்ல வீடுகளுக்குப் போன ஆறு பேரும், ஒருவர் பின் ஒருவராக, வயதாகிப் போய்விட்டார்கள். கங்காவின் குடும்பத்தில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஒருவன்தான் அத்தான். துரை.