டி செல் மேல் போட்ட பழி

தங்கச்சி,

நேற்று பாயான் பாருவில் இருக்கும் டயாலிசிஸ் நிலையத்தில் பக்கத்துப் படுக்கை அக்காவிடம் என்னைப் பெருமையாகக் காட்டினாய். "எங்கண்ணன் டி செல் ஆராய்ச்சி பண்றாருக்கா. அவரு கிட்னிய என் உடம்பு ஏத்துக்காதாம். அவரு என்ன செய்வாரு, பாவம் லா."

நான் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் ரத்தம் பொருந்தியது. கத்திக்குப் பயந்து நான்தான் மறுத்தேன். டாக்டர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் உன்னிடம், "உங்கண்ணன் கிட்னிய எடுக்க முடியாதும்மா" என்று மட்டுமே சொன்னார். உன் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் டி செல்கள் என் கிட்னியைத் தாக்கி அழித்துவிடும் என்று படம் வரைந்து உன்னை நம்பவைத்தது நான். இத்தனை வருட ஆராய்ச்சி அதற்குத்தான் உதவியது.

என்னைத் தேற்ற நீ கொடுத்தனுப்பிய மீன் கறியைத் தொட முடியவில்லை. இன்று காலை டாக்டரிடம் கிட்னி கொடுக்கச் சம்மதம் சொல்லிவிட்டேன்.

இதைப் படித்தபின் என் கிட்னியே வேண்டாமென்று நீ சொன்னால், இந்த முறை டி செல் மேல் பழி போட மாட்டேன்.

உன் அண்ணன்