செந்தில் வீட்டு வாசலில்

ஆவணி, ஞாயிறு இரவு

தூக்கம் வரவில்லை. ஐரோப்பாவைச் சைக்கிளில் கடக்க நாங்கள் மூன்று நண்பர்கள் சேர்ந்து போட்ட திட்டத்தில் இனி நான் இல்லையாம். காலையில் செந்தில் போனில் சொன்னான்: "அந்தக் காலை வச்சுக்கிட்டு ஒன்னால முடியாதுடா. ரவியும் அதான் சொல்றான்."

லாரி மோதி இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகும், செயற்கைக் காலோடு அவர்களுக்குச் சமமாகத்தான் ஓட்டிவருகிறேன்.

போனை வைத்துவிட்டு, பெரம்பலூரிலிருந்து அரியலூரில் இருக்கும் அவன் வீட்டுக்குச் சைக்கிளில் கிளம்பினேன். வழி நெடுக சிமெண்ட் லாரிப் புழுதி. செந்தில் வாசலுக்கு வந்து சைக்கிளையே பார்த்தான்.

"மலை வந்தா என்னடா பண்ணுவ?"

"எறங்கித் தள்ளுவேன். நீயும் தள்ளத்தான் போற."

"ஒனக்கு ஏதாவது ஆயிட்டா ஒங்கம்மாவுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்?"

"எங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ மூணு டிக்கெட் போடு."

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். உட்காரச் சொல்லியும் உட்காராமல் திரும்பிவிட்டேன்.

கால் எடுத்த இடம் உரசிப் புண்ணாகி எரிகிறது. எரியட்டும். அவன் போடாவிட்டால் என் டிக்கெட்டை நானே போடுவேன். அவர்கள் பயணம் தொடங்கும் ஊரில் அவர்களுக்கு முன்னால் போய் நிற்பேன்.