பீகார் ஆடினால் பினாங்கும் ஆடுமாம்

மாசி 3, வியாழன்

வெயில். காலையிலேயே முற்றத்துச் சிமெண்டு சுட்டது. மல்லி, மிளகாய் காயப் போட்டாயிற்று.

தமிழ்ப் பள்ளி வாத்தியார் மறுபடியும் வந்தார். ஊரிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்தத் தீவு பூகம்பத்தில் எப்போது ஆடும் என்று தெரிந்துவிட்டதாம். இனி வா. என்றே எழுதுகிறேன். முழுதாக எழுதினால் மை வீண்.

தேசப்படத்தை என் சாப்பாட்டு மேசையில் விரித்து, காப்பி டம்ளரை ஜப்பான் மேல் வைத்தார். பூமி ஒரே பாத்திரமாம், ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் அதிருமாம். ஜப்பான் ஆடியது, பிறகு சுமத்ரா ஆடியது. இப்போது தை மாதம் பீகார். அடுத்து, மாசி மகத்துக்குள் சுமத்ரா, அந்த வேகத்தில் நாம். ஜப்பானுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே எவ்வளவு காலம் என்று கேட்டேன். மூன்று வருஷம் என்றார், கூச்சமே இல்லாமல். மூன்று வருஷத்தில் இந்த வீட்டிலேயே ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு பிரசவம். அதையும் ஜப்பான் தலையில் கட்டட்டும்.

நான் ஐந்தாவது தேறியவள். பேப்பரை எழுத்துக்கூட்டாமல் படிப்பேன். பீகார் செய்தியைப் படித்து அழுதேன். செத்தவர்களை வைத்து ஆரூடம் சொல்லவில்லை.

என் மகன் ராஜு, ஹார்பரில் கணக்கெழுதும் கிராணி, வாயைத் திறந்துகொண்டு கேட்கிறான். 

மாசி 4, வெள்ளி

காலையில் கோயில். வெற்றிலை வாங்க மறந்தேன்.

ராஜு சொல்லிவிட்டான். மகம் முடியும்வரை கல் வீட்டில் யாரும் இருக்கக்கூடாது. அவன் பெண்டாட்டி செல்லத்தைத் தீவின் மறுபக்கம் பாலிக் புலாவுக்குக் கொண்டுபோகிறானாம். சிநேகிதனின் சாதிக்காய்த் தோட்டத்தில் ஓர் அத்தாப்புக் குடிசை. ஓலை விழுந்தால் அடிபடாது.

அவளுக்கு இது நிறைமாதம். பேரன் பிறந்தபோதே குறுக்கே கிடந்தான். மூன்றாவது வீட்டு மக் லீமா, மலாய் மருத்துவச்சி, தடவித் தடவித் திருப்பியதால் இரண்டு உயிரும் பிழைத்தன. இந்தத் தடவையும் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தலை இறங்கவில்லை, என் கண் முன்னாலேயே இருக்கட்டும் என்றிருக்கிறாள். தோட்டத்தில் யார் இருக்கிறார்கள்? குரங்கு. போகும் வழி முழுக்க மலை, வளைவு. நல்ல உடம்புக்காரனே வாந்தி எடுப்பான்.

அவன் கட்டிவைத்தது: அரிக்கேன் விளக்கு, கயிறு, பிஸ்கட் டின், வா. கொடுத்த தேசப்படம்.
கட்டாதது: பழைய வேட்டித் துணி, பெருங்காயம், புத்தி.

எதிர்வீட்டுப் பாக்கியம் திடலில் பாய் போட்டுப் படுக்கிறாள். “நீங்க அந்தச் செவுத்தையே கட்டிக்கிட்டு இருங்கலா பாட்டி, நாங்க வந்து தோண்டி எடுக்கிறோம்” என்று சிரிக்கிறாள். போன மாதம்வரை அவள் சேலை என் சுவரில்தான் காய்ந்தது.

மாசி 6, ஞாயிறு

மழை வருகிற மாதிரி காட்டி ஏமாற்றியது.

மத்தியானம் ராஜு வேர்த்து விறுவிறுத்து வந்தான். வா. துறைமுகத்தில், சுமத்ராவிலிருந்து வந்த அச்சே படகுக்காரன் ஒருவனைப் பிடித்தாராம். சுமத்ரா பக்கம் எப்படி என்று கேட்டதற்கு, அங்கே எல்லாம் கோயாங் என்றானாம். கோயாங் என்றால் ஆட்டம். இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

எனக்கும் உடம்பு சில்லிட்டது. இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை. சமையலறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சூடு மட்டும்தான். வா. சொல்வது நிஜமாகிவிட்டால், செல்லத்தைத் தடுத்துக் கொன்றவள் நான். வாயை மூடிக்கொண்டு பிரசவத் துணியை மூட்டை கட்டினேன். நாளைக் காலை வாடகைக் கார்.

மாசி 7, திங்கள்

கார் வந்தது. செல்லம் பின் சீட்டில், காலடியில் அரிக்கேன். மக் லீமா வழியனுப்ப வந்து, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றாள். வா. எல்லோருக்கும் முன்னால் ஆஜர். நான் நம்பவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, படகுக்காரன் சொன்னதைச் சொன்னபடியே தெருவுக்கே கேட்க ஒப்பித்தார்.

“சானா செமுவா ஓராங் கோயாங் காக்கி சாஜா.”

டிரைவர் மலாய்க்காரர். ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். மக் லீமா சிரிப்பு தாங்காமல் வேலியைப் பிடித்துக்கொண்டாள். காக்கி என்றால் கால். மிளகுக்கு விலை இல்லை, வேலை இல்லை, அங்கே எல்லாரும் காலை ஆட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பாவம் அந்தப் படகுக்காரன் சொன்னது அவ்வளவுதான்.

வா. மலாய் தெரியாதவர், போகட்டும். என் மகன் இங்கே பிறந்தவன், நாள் முழுக்க மலாய் பேசிச் சம்பளம் வாங்குகிறவன். அவன் என்னதான் சொன்னான், முழுதாகச் சொல்லுங்கள் என்று ஒரு தடவை கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. சீ.

வா. அசரவில்லை. “வார்த்தை தப்பா இருக்கலாம் அம்மா, விஷயம் தப்பாகாது” என்றார். அதற்கும் ராஜு தலையாட்டினான். கார் வந்தது வந்துவிட்டது, போய்விடலாம் என்றான்.

செல்லம் கதவைத் திறந்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு இறங்கினாள். வந்த நாளிலிருந்து அவனிடம் குரல் உயர்த்தாதவள். இன்றும் உயர்த்தவில்லை.

“நீங்க போங்க. போயி அங்க காலாட்டிக்கிட்டு இருங்க. நான் மக் லீமாகிட்டயே இருக்கேன்.”

கார் வெறுமனே போனது. மதியம் ரசமும் அப்பளமும்.

மாசி 9, புதன்

நேற்று விடியும்போதே வலி. இதுவும் குறுக்கேதான். மக் லீமா எண்ணெய்க் கையோடு உட்கார்ந்தவள், மத்தியானம்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. பெண் குழந்தை. தாயும் நலம். அந்த மலைப்பாதையில் கார் சீட்டில் என்றால் என்ன ஆகியிருக்கும் என்று இங்கே எழுத மாட்டேன்.

நேற்று மத்தியானம் பாக்கியம் வீட்டுத் தொங்கு விளக்கு ஆடியதாம். வா. கேட்க வேண்டுமா, வீடு வீடாகப் போய்ச் சொல்கிறார். ஆடியிருக்கலாம். எனக்குத் தெரியாது. செல்லம் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் தீவே கவிழ்ந்தாலும் தெரிந்திருக்காது.

குழந்தைக்கு என் மூக்கு. ராஜு இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு சுமத்ரா தேடுகிறான். தூ.