எஞ்சின் சத்தத்தில் கேட்காமல் போன பாட்டுகள்

என் பாசமுள்ள அப்பாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டார். அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். காலையில் ஜெபா மாமா வருவார், உங்கள் பழைய போனைக் கேட்பார். அது என் புத்தகப் பைக்குள் இருக்கிறது. பயமாக இருக்கிறது அப்பா.

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. மாமா உங்கள் பெயரில் புது ஆல்பம் போடப்போகிறார். மதுரையில் யாரோ கம்ப்யூட்டரில் உங்கள் குரலைச் செய்து தருகிறார்களாம். முதல் கேசட்டில் பாடிய அந்த வாலிபக் குரல். நேற்று அம்மாவுக்குப் போட்டுக் காட்டினார்.

"கேளுக்கா. மச்சான் எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கா, இல்லையா?"

அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுதார். "என்னையக் கட்டுனப்ப இந்தக் குரல்தான்டா."

நான் கதவோரம் நின்று கேட்டேன். பாட்டு முடியும்வரை அந்தக் குரல் ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை.

இரண்டாவது ஆல்பம் ஏன் ஓடவில்லை என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கேட்டுக்கொண்டிருந்தீர்களே. "வயசான குரல எவன் கேப்பான்?" என்பதுதான் மாமாவின் பதில். உங்களுக்கு வயதானதுபோல ரசிகர்களுக்கும் வயதாகிவிட்டது, அவர்கள் கேட்க வருவது உங்களை அல்ல, தங்கள் வாலிபத்தை என்கிறார். கொஞ்சம் உண்மைதான். கோயில் திருவிழா மேடையில் நீங்கள் புதுப் பாட்டைத் தொடங்கியதும், "பழசப் பாடுங்கண்ணே!" என்று கத்தினார்களே. சிரித்துக்கொண்டே பழசைப் பாடினீர்கள். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டீர்கள்.

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த சேவியர் பெரியப்பாவிடம் அந்த இரண்டாவது ஆல்பத்தைப் பற்றிக் கேட்டேன். பாட்டுக்காரர் ஆகும் முன்னால் நீங்கள் அவரோடுதானே விசைப்படகில் போனீர்கள்?

"ஒங்கப்பன் ஒரு கிறுக்கன்த்தா," என்றார். "தடைக்காலத்துல பாட்ட விட்டான். படகெல்லாம் கட்டிக் கெடக்கு, எல்லாப் பயலும் சும்மா இருக்கான், ஒக்காந்து கேப்பான்னு நெனச்சான். வீட்ல நாங்க எங்கன கேக்குறது? டிவி பொம்பளைக கையில. எங்களுக்குப் பாட்டுன்னா படகுலதான்."

"தடை முடிஞ்சு போனப்பக் கேட்டீங்களா பெரியப்பா?"

"போட்டோம். எஞ்சின் சத்தத்துல ஒரு எழவும் கேக்கல. மொதக் கேசட்டுல தொண்ட கிழியக் கத்துவான், எஞ்சினையும் தாண்டி வரும். இதுல காதுக்குள்ள பேசுறாப்ல பாடி வச்சிருக்கான்."

நீங்கள் இதை யோசிக்கவே இல்லையா அப்பா? இத்தனை வருடம் படகில் போனவர்!

"அப்ப யாருமே கேக்கலியா?"

பெரியப்பா ஊசியை நிறுத்தினார். "ஒரு நாளு எஞ்சின் பழுதாகி நடுக்கடல்ல கெடந்தோம். அன்னைக்குக் கேட்டுச்சு. திரும்பி வராத ஆளுகளப் பேரு சொல்லிப் பாடியிருக்கான்ல, அது. அதோட அதப் போட வேணாம்னுட்டோம்."

"ஏன் பெரியப்பா?"

"மறுநாளு கடலுக்குப் போவணுமுல்லத்தா."

அப்படியானால் அது தோற்றுப்போன ஆல்பமா? உங்களிடம்தான் கேட்க வேண்டும். கேட்க நீங்கள் இல்லை.

உங்கள் போனில் ஏழு பாட்டுகள் இருக்கின்றன. தொண்டையில் புற்று முற்றிய பிறகு வீட்டில் நீங்களே பதிந்தவை. அந்தக் கம்ப்யூட்டர் குரலில் பாடவைக்க மாமாவுக்கு மெட்டு மட்டும் போதும். "எடுத்துட்டு மிச்சத்த அழிச்சிரலாம். செத்தவன் இருமல எவனாவது கேட்டா ஆல்பம் படுத்துரும்." சார்ஜ் ஏறவில்லை என்று பொய் சொன்னேன். "பொய்யின்னு தெரிஞ்சுச்சு, பல்லு பேந்துரும் மெர்சி," என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரியில் உங்களைத் தூக்கிக் குளிப்பாட்டியவர் அவர்தான். அதனால்தான் அவரை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஆல்பம் நன்றாக ஓடும் அப்பா. என் பயமே அதுதான். எல்லாப் படகிலும் அது கேட்கும். கொஞ்ச நாளில் அம்மாவுக்கு அதுதான் உங்கள் குரல் ஆகிவிடும். பிறகு எனக்கும்.

மூன்றாவது பாட்டில், பாதியில் நிறுத்தி, "மெர்சி, தண்ணி தாம்மா," என்கிறீர்கள். "இந்தா வாரேன்ப்பா," என்று என் சத்தம். டம்ளரை வைக்கிற சத்தம். பிறகு விழுங்க முடியாமல் நீங்கள் படுகிற பாடு. அதற்குப் பிறகும் விட்ட இடத்திலிருந்து பாடுகிறீர்கள்.

மாமா வருவதற்கு முன்னால், அடுப்பை அணைக்கச் சொல்லி, அம்மாவை உட்காரவைத்து அதைப் போடுவேன். அம்மா காதைப் பொத்திக்கொள்ளலாம். என்னை அடிக்கலாம். ஏழு பாட்டையும் அவர் கடைசிவரை கேட்காமல் இந்தப் போனை யார் கையிலும் கொடுக்க மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் மகள்,
மெர்சி
தங்கச்சிமடம்