நகலில் திருத்தியவை

3 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமென்று நினைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் எழுதியிருப்பாய்.

அப்பா சொல்லச் சொல்ல நீ எழுதிய கடிதம் வந்தது. மீன்வளத் துறையில் எனக்குப் பதவி உயர்வு எப்போது என்று கேட்டிருக்கிறார். எந்த மீன்வளத் துறை? நான் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆக்டோபஸின் மரபணுவைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆக்டோபஸ் மீன்கூட இல்லை, நத்தைக்குச் சொந்தம். இதைப் பத்துத் தடவை எழுதியாயிற்று. அப்பாவுக்குக் கண்தானே மங்கல், காதுமா? இந்த முறையாவது நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டு. மென்பொருள் வேலையை விட்டதில் எனக்கு வருத்தமில்லை என்பதையும் சேர்த்து.

உன் தம்பி

10 மார்ச்

தம்பிக்கு,

பல் ஆஸ்பத்திரியில், வருகிறவர்களின் பெயரைப் பதிகிற என் மேசையிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் எழுதவும் முடியாது, போனில் பேசவும் முடியாது. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

மீன்வளத் துறை என் கைவேலை. நீ வேலையை விட்ட அன்று "இனி அவன் குரலே எனக்கு வேண்டாம்" என்று சொன்ன மனுஷரிடம் ஆக்டோபஸ் என்று எந்த வாயால் வாசிப்பேன்? 'அப்பாவுக்கு இதெல்லாம் புரியாது, எப்படியாவது சொல்லிக்கொள்' என்று எழுதினாய். 'நேரில் வந்து அப்பாவுக்கு விளக்குகிறேன்' என்று வாசித்தேன். அவர் உடம்பை விசாரிக்கிற வரி உன் கடிதம் ஒன்றிலும் இருக்காது. ஒவ்வொன்றிலும் நானே சேர்த்தேன்.

இப்போதுதான் சிக்கல். பதினேழாம் தேதி அவருக்குக் கண்புரை ஆபரேஷன். உன் இருபத்துமூன்று கடிதங்களையும் பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். பார்வை வந்ததும் தானே வாசிக்க வேண்டுமாம், நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். நான் வாசித்தபடியே எல்லாவற்றையும் திரும்ப எழுதி அனுப்பிவிடு. என்னென்ன வாசித்தேன் என்று பட்டியல் இணைத்திருக்கிறேன். டப்பாவில் மாற்றிவைத்துவிடுகிறேன்.

அக்கா

16 மார்ச்

அக்கா,

உனக்கு மூளை கழன்றுவிட்டதா? இருபத்துமூன்று போலிக் கடிதம்! இங்கே ஓர் எண்ணை மாற்றினாலே வெளியே அனுப்பிவிடுவார்கள். முடியாது.

தினமும் நான் பார்ப்பதே இந்தக் கூத்தைத்தான். ஆக்டோபஸ் தன் மரபணுவைத் தொடாது. அதிலிருந்து எடுக்கிற நகலில், ஆர்.என்.ஏ.வில், எழுத்தை மாற்றிக்கொள்ளும். தண்ணீர் குளிர்ந்தால் போதும், சில நாட்களில் ஆயிரக்கணக்கான இடங்களில் திருத்தம். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் நகலைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டுமானால், அந்த இடத்தைச் சுற்றி மூலம் மாறக் கூடாது. அதனால் அங்கே பரிணாமம் நொண்டுகிறது. உன் திருத்தமும் அதே கதைதான். எனக்கும் மாற வேண்டிய அவசியம் வரவில்லை, அவருக்கும் வரவில்லை.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். அவர் கடிதங்களின் கடைசியில் 'வேளைக்குச் சாப்பிடுகிறாயா' என்று வருமே. அது யாருடையது?

தம்பி

2 ஏப்ரல்

தம்பிக்கு,

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. டாக்டர் கண்ணைச் சிரமப்படுத்தக் கூடாது என்றார். இவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் டப்பாவோடு உட்கார்ந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. மூன்றாம் நாள் காலையில் கூப்பிட்டார்.

"ஏம்மா, என் உடம்பைப் பத்திக் கேட்டிருக்கான்னு வாசிப்பியே, அது எந்த லெட்டர்ல இருக்கு?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று நகரப் பார்த்தேன். விடவில்லை.

"தேடித் தேடிப் பாத்துட்டேன். ஒண்ணுலயும் இல்லையே."

அதோடு சரி, என்னிடம் பேச்சில்லை. கண்ணில் சொட்டு மருந்துகூடத் தானே விட்டுக்கொள்கிறார். பாதி கன்னத்தில் வழிகிறது. நேற்று மட்டும் சுவரைப் பார்த்து, உன் கடிதத்தில் வருகிற அந்தப் பிராணிக்கு நிஜமாகவே மூன்று இதயமா என்று கேட்டார். எனக்கென்ன தெரியும்?

நீ கேட்டதற்குப் பதில்: அந்த வரி என்னுடையது. கடிதம் எழுதலாமா என்று கேட்டால் அவர் ஒவ்வொரு முறையும் சொன்னது, "நீயே ஏதாவது எழுதும்மா" என்பதுதான்.

இனி நான் வாசிக்கவும் மாட்டேன், எழுதவும் மாட்டேன். உங்கள் பாடு.

அக்கா

9 ஏப்ரல்

அப்பாவுக்கு,

எழுத்தைப் பெரிதாகவே எழுதுகிறேன். பூதக்கண்ணாடி வேண்டாம், டாக்டர் சொன்னதைக் கேளுங்கள்.

வேலையை விட்டதில் எனக்கு இப்போதும் வருத்தமில்லை. உங்களுக்குப் புரியாது என்று எழுதியதில் இருக்கிறது. உங்களிடம் நேராகச் சொல்லிப் பார்த்ததே இல்லை.

மூன்று இதயம் நிஜம்தான். நீந்தும்போது அதில் ஒன்று நின்றுவிடும். அதனால் சீக்கிரம் களைத்துப்போகும், பெரும்பாலும் ஊர்ந்துதான் திரியும். இன்னும் நிறைய இருக்கிறது, கேட்டால் எழுதுகிறேன்.

அக்காவிடம் பேசுங்கள். எப்படியாவது சொல்லிக்கொள் என்றது நான். நீயே ஏதாவது எழுது என்றது நீங்கள். நம் இரண்டு பேர் வேலையையும் அவள் ஒருத்தி செய்தாள், இப்போது தண்டனையும் அவளுக்கு மட்டுமா?

கண் எரிகிறதா? சொட்டு மருந்தை அவளையே விடச் சொல்லுங்கள். இதற்குப் பதிலை நீங்களே எழுத வேண்டும். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, திட்டி எழுதினாலும் பரவாயில்லை.

உங்கள் மகன்