லேப்டாப்பை மூடிவிடாதீர்கள்

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் இருக்கிறது. போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

நேற்று என் ஆபீஸ் மீட்டிங் அறுந்து அறுந்து போனதும், "உங்க லேப்டாப்தான் நெட்டை முழுங்குது, அப்படி என்னத்தப் பாக்குறீங்க"ன்னு கத்தினேன். நீங்கள் உடனே அதை மூடிவிட்டீர்கள்.

காலையில் கோளாறு என்னவென்று பார்க்கத் திறந்தேன். அப்பா இருந்தபோது நீங்கள் எடுத்த வீடியோக்கள் நெட்டில் ஏறிக்கொண்டிருந்து, பாதியில் நின்றிருந்தன. இந்தப் பழைய லேப்டாப் கண்ணை மூடுவதற்குள் காப்பாற்றப் பார்த்திருக்கிறீர்கள். சொன்னால் அழுவேன் என்று சொல்லவில்லையோ? நானாவது பொறுமையாகக் கேட்டிருக்கலாம்.

மறுபடி ஏறவிட்டிருக்கிறேன். மீட்டிங்கை ஆபீஸிலேயே பார்த்துக்கொள்கிறேன்.

பி.கு.: ஒன்றில் அப்பா, "எடுத்தது போதும் மாப்ள, நீங்களும் வந்து உக்காருங்க" என்கிறார். அதற்குமேல் தனியாகப் பார்க்க முடியவில்லை. சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுங்கள்.