தட்டை வரிசையில் வையுங்க

செப்டம்பர் 20, சனி

அம்மா இன்றைக்கும் வண்டியை விட்டுவிட்டு நடந்து போய்விட்டாள்.

போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டாள். இல்லை, தூங்குகிற மாதிரி படுத்திருக்கிறாள்.

புரட்டாசி முதல் சனி. கோயிலுக்குப் போய்விட்டு வந்த கூட்டம் மொத்தமும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எங்கள் தட்டுவடை செட் வண்டியைச் சுற்றி. இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காய்த்துருவலும் வைத்தால் செட், எல்லாவற்றையும் நொறுக்கிக் கலந்தால் நொறுக்கல். “அக்கா, ரெண்டு செட்டு.” “எனக்கு நொறுக்கல், பூண்டு வேண்டாம்.” “முட்டை நொறுக்கல் ஒண்ணு.” “ஏனுங்க, நான் மொதல்லயே சொன்னேனுங்க!” நடுவில் பஸ்காரனின் ஏர் ஹாரன். அம்மா கையில் ஒரு தட்டுவடையோடு அப்படியே நின்றாள். அவள் கண் எதையும் பார்க்கவில்லை. பிறகு, நெற்றியில் நாமம் போட்ட ஒரு பெரியவரிடம் முட்டை நொறுக்கலைக் கொடுத்துவிட்டாள். விரதக்காரர். ஒரு வாய் வைத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

துப்பினார். “புத்தி இருக்குதா உனக்கு?” என்று கத்தினார். அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே நடந்து போய்விட்டாள்.

நான்தான் மன்னிப்புக் கேட்டேன். நான்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். முன் வீட்டு வாசலில் அப்பாவின் தம்பி மாதேஸ்வரன் சித்தப்பா நின்றிருந்தார். “தங்கமான இடம் அது. அங்க போயி ஊமக்கோட்டான் மாதிரி நின்னா? தீவாளிக்கு அண்ணன் வரட்டும். நான் அங்க சில்லி சிக்கன் போடறேன். உங்கம்மா மில்லுக்குப் போவட்டும்.”

மில். கல்யாணத்துக்கு முன் அம்மா நூல் மில்லில் கொஞ்ச நாள் வேலை பார்த்தாள். அந்த மிஷின் சத்தத்தைப் பற்றிப் பேசினாலே இப்போதும் அவளுக்குக் கை சில்லிட்டுப் போகும்.

செப்டம்பர் 22, திங்கள்

அப்பா போன் செய்தார். ராய்ப்பூர் பக்கம் போர்வெல் ரிக்கில் இருக்கிறார். எப்போதும் போலக் கத்தித்தான் பேசினார். அம்மா போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

“சித்தப்பா சொல்றதைக் கேக்காதீங்கப்பா” என்றேன். “சரி கண்ணு” என்றார். “கடை எடத்தைச் சித்தப்பாவுக்குக் குடுக்கப் போறீங்களாப்பா?” என்றேன். அதற்கும் “சரி கண்ணு.”

எதற்குச் சரி என்கிறார்?

செப்டம்பர் 26, வெள்ளி

காலாண்டுத் தேர்வு முடிந்தது. கடைசியாக ஒரு மேடம் எங்கள் வகுப்பில் பேச வந்தார். எல்லாருடைய மூளையும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லையாம். சிலருக்குப் பக்கத்தில் பேசுகிற குரல், தூரத்து ஹாரன், மின்விசிறி, எல்லாம் ஒரே அளவில் உள்ளே வருமாம். பழகின வரிசை மாறினால் அன்றைய நாளே உடைந்துபோகுமாம். ஆட்டிசம் என்று ஒரு பெயர் சொன்னார், இன்னும் சில பெயர்களும் சொன்னார். எது என்று மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், ஆனால் மட்டம் தட்டுவதற்கான பெயர் இல்லை எதுவும் என்றார்.

சத்யபிரியா என் காதில், “அப்ப இனிமே லூசுன்னு சொல்லக் கூடாதாமா?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடுமே.

எது தெரிந்துவிடும்?

அம்மா. அம்மா மட்டுமா? வகுப்பில் என் தலைக்கு மேலே ஒரு மின்விசிறி டக் டக்கென்று ஓடும். அது ஓடும்போது கணக்கு சார் சொல்வது ஒரு வரிகூட எனக்குள் ஏறாது. நான் சோம்பேறி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

எழுதிவிட்டேன். இதை யாரும் படிக்கக் கூடாது.

செப்டம்பர் 27, சனி

இன்று ஒன்று பார்த்தேன். மறப்பதற்குள் எழுத வேண்டும்.

நாமக்கல் ரூட் பஸ் கண்டக்டர் கண்ணுசாமி அண்ணன்தான் எங்கள் வண்டியில் அதிகமாகக் கத்துகிறவர். “ஏங்க்கா, ஒரு செட்டு, பூண்டு தூக்கலா, சீக்கிரம், வண்டி எடுத்துருவான்!” என்று விசிலும் அடிப்பார். இன்றைக்கு அவருக்குத் தொண்டை கட்டிச் சுத்தமாகக் குரலே இல்லை. ஒரு காலித் தட்டை எடுத்து அம்மா முன்னால் வைத்தார். பூண்டுச் சட்னி டப்பாவைக் காட்டி, இரண்டு கரண்டி என்பது போல இரண்டு விரல் நீட்டினார்.

அம்மாவின் கை பறந்தது. கீழே வடை, சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், ஒரு சொட்டு எலுமிச்சை, மேலே வடை. ஒரு துளி சிந்தவில்லை. அண்ணன் வாயில் போட்டுக்கொண்டு கட்டைவிரலைக் காட்டினார். அம்மா சிரித்தாள். கடையில் சிரித்தாள்!

அவளால் முடியாது என்று யார் சொன்னது? மதியம் வீட்டில் தனியாகத் துருவும்போது அவள் இதே வேகத்தில்தான் இருப்பாள். அவளுக்கு வேலை தெரியாமல் இல்லை. வேலையைச் சொல்கிற விதம்தான் அவளுக்கு ஆகவில்லை.

இன்றைக்கு மட்டும் எப்படி என்று படுக்கும் முன் கேட்டேன். விட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “காதுல வந்தா கலங்கிப் போவுது சாமி. கண்ணுல வந்தா நிக்குது.”

செப்டம்பர் 29, திங்கள்

பாத்திரக் கடையில் கலர் தட்டுகள் வாங்கினோம். பச்சைத் தட்டு எடுத்தால் புதினாச் செட். சிவப்பு, பூண்டுச் செட். மஞ்சள், நொறுக்கல். வேண்டியதை எடுத்து வண்டி விளிம்பில் வரிசையில் வைக்க வேண்டும். அம்மா ஒரு முனையிலிருந்து போட்டுக்கொண்டே வருவாள். யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

நான் நீலம், வெள்ளை எல்லாம் வேண்டும் என்றேன். “மூணு போதும். நாலாவது வந்தா கை நின்னுரும்” என்றாள். முட்டையை அவளே எடுத்துவிட்டாள். “ஆளு கொறையுமேம்மா?” “கொறையட்டும். நான் நிக்கோணுமில்ல?”

எந்த நிறம் எதற்கு என்று அட்டையில் எழுதி, அடியில் இதையும் சேர்த்துக் கட்டினேன்: தட்டை வரிசையில் வையுங்க. பேச வேண்டாம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

சிரித்தார்கள். “ஏம்மா, வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கற?” என்றார் ஒருத்தர். “இது என்ன, ஊமைக் கடையா?” என்றார் இன்னொருத்தர். ஒரு ஆள் தட்டைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார்.

எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. அம்மா தட்டை எடுத்துக் கழுவி, பழைய இடத்தில் அடுக்கினாள். “அவரு திரும்ப வந்தா எடுக்கட்டும்.”

அவ்வளவுதான் சொன்னாள். நாளைக்கும் கட்டுவேன் அந்த அட்டையை.

அக்டோபர் 2, வியாழன்

என் தப்புதான்.

நேற்று ஆயுத பூஜை. வண்டியைக் கழுவிவிட்டு, காய்த்துருவி, கத்தி, டப்பா எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் அடுக்கினோம். இன்று எடுத்து வைத்தது நான். பச்சைச் சட்னிதான் அதிகம் போகிறது, முன்னால் இருந்தால் சுலபம் என்று டப்பாக்களை மாற்றி வைத்தேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

முதல் தட்டு பச்சை. அம்மாவின் கை பழைய இடத்துக்குப் போய்ப் பூண்டை எடுத்துவிட்டது. நிறுத்தினாள். மறுபடியும் அதேதான். மூன்றாம் தடவை அவள் விரல்கள் காற்றில் நின்றன. “இன்னிக்கு ஆவாது” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

வாசலில் சித்தப்பா. “விசயதசமி அன்னிக்கேவா கடையைச் சாத்தறது? நல்லா வெளங்கும்.”

அம்மா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 3, வெள்ளி

காலையில் பார்த்தால் அம்மா வண்டிமேல் குனிந்திருக்கிறாள். லாரி பாடி கட்டுகிற பட்டறையில் மிச்சப் பெயிண்ட் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். ஒவ்வொரு டப்பாவையும் அதன் இடத்தில் வைத்து, அடியைச் சுற்றி வட்டம் வரைந்துகொண்டிருந்தாள்.

“இனி யார் எடுத்து வெச்சாலும் மாறாது பாரு” என்றாள். என்னிடம் பிரஷ்ஷைக் கொடுத்தாள். துருவிக்கான கட்டத்தை நான் வரைந்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

சந்தை நாள். கடை கிடையாது என்றாள் அம்மா. சந்தைக் கூட்டத்தில் அவளால் நிற்க முடியாதாம். மற்ற நாளை ஒழுங்காக நடத்த இந்த ஒரு நாள் அவளுக்கு வேண்டுமாம். இதற்கு முன்னால் அவள் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

அக்டோபர் 8, புதன்

எங்கள் இடத்தில் சித்தப்பாவின் வண்டி!

“நேத்து சும்மாத்தானே கெடந்துது, போட்டேன். இன்னிக்கும் இருக்கட்டும்.” சில்லி சிக்கன் சட்டியில் கரண்டியால் டங் டங்கென்று தட்டி ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா பெருவிரலை உள்ளங்கைக்குள் அழுத்திக்கொண்டு நின்றாள். இன்னும் கொஞ்சம் போனால் நடந்து போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும்.

எப்படிப் பேசினேன் என்று தெரியவில்லை. “சித்தப்பா, இது அம்மா இடம்.” குரல் எலி மாதிரி வந்தது.

“அடடே! இந்த ஊட்லயும் ஒருத்திக்குப் பேச்சு வருதே!” என்று சிரித்தார். நகரவில்லை.

அம்மா காதில் பஞ்சை அடைத்துக்கொண்டாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், அவருக்குப் பக்கத்தில் சாக்கடை ஓரத்தில் நிறுத்தினாள். டப்பாக்களை வட்டத்துக்குள் வைத்தாள். தட்டுகளை அடுக்கினாள். கண்ணுசாமி அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கி இரண்டு வண்டியையும் பார்த்தார். குரல் திரும்பி வந்துவிட்டது அவருக்கு. ஆனால் எதுவும் பேசவில்லை. சிவப்புத் தட்டை எடுத்து வரிசையில் வைத்தார். அவருக்குப் பின்னால் ஒரு காலேஜ் அக்கா, பச்சை. அதற்குப் பின்னால், அன்றைக்குத் தட்டைக் கீழே போட்டுவிட்டுப் போன அதே ஆள். மஞ்சள்.

டங் டங் சத்தம் நிற்கவே இல்லை. ஆனால் அம்மா போகவில்லை. போகவே இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

எங்கள் வரிசையைப் பார்த்தோ என்னவோ, சித்தப்பா இடத்தை விட்டுவிட்டார். “அண்ணன் வர்ற வரைக்கும்தான்” என்றார்.

அக்டோபர் 13, திங்கள்

மின்விசிறிக்குக் கீழே இருந்து என் இடத்தை மாற்றித் தரச் சொல்லி வகுப்பாசிரியரிடம் கேட்டேன். மாற்றிவிட்டார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. இதற்காகவா இத்தனை நாள் பயந்தேன்?

அக்டோபர் 18, சனி

அப்பா வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார்.

பையை வைப்பதற்குள் சித்தப்பா பிடித்துக்கொண்டார். முட்டை கொடுத்தது, வண்டியை விட்டுப் போனது, சந்தை அன்று சாத்தினது. ஒவ்வொன்றுக்கும் அப்பா தலையாட்டினார். “அப்ப தீவாளி முடிஞ்சதும் நான் போட்டுக்கறேன், சரியாண்ணா?” அதற்கும் தலையாட்டினார்.

முடிந்தது. எல்லாம் முடிந்தது. எதற்கு அந்த வட்டங்களையெல்லாம் வரைந்தோம்? மில் சத்தத்துக்குள் அம்மாவை எப்படி அனுப்புவேன்?

அக்டோபர் 19, ஞாயிறு

நேற்று எழுதியதைக் கிழிக்கவில்லை. ஆனால் அது தப்பு.

சாயங்காலம் அப்பா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று ரொம்ப நேரம் எங்கள் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீபாவளிக் கூட்டம். யாரும் கத்தவில்லை. தட்டுகள் வரிசையில் வந்தன, போயின. அப்புறம் ரோட்டைக் கடந்து வந்தார். பின்னால் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்தது. அவர் திரும்பவே இல்லை. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

அப்போதுதான் புரிந்தது. போனில் எதற்கெடுத்தாலும் “சரி கண்ணு.” நேற்றைய தலையாட்டல்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னார். ரகசியம் போல மெதுவாகச் சொல்ல நினைத்துத்தான் சொன்னார், தெருவுக்கே கேட்டது. “எடது காது போயிருச்சு நர்மதா. சோத்தாங்கைப் பக்கமும் பாதிதான். ரிக்குல ஒருத்தன் கூப்பிட்டுத் திரும்பலீன்னா உசுரு போயிரும். அனுப்பிச்சுட்டாங்க. கேக்காத ஆளு கடையில நின்னு என்ன பண்றது, தம்பிகிட்டவே உட்டுரலாம்னு இருந்தேன்.”

அம்மா அவர் முன்னால் போய் நின்றாள், அவர் தன் முகத்தைப் பார்க்கிற மாதிரி. “நம்ம கடையில யாருக்கும் கேக்கவே வேண்டாமுங்க” என்றாள். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. அடுக்கிலிருந்து மூன்று தட்டுகளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

முன் வீட்டில் டிவியின் சத்தம் குறைந்தது. சித்தப்பா கேட்டிருப்பார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வெடிச் சத்தத்துக்கு அம்மா உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா கதவுக்கு வெளியே உட்கார்ந்து பீட்ரூட் துருவிப் பழகினார். தடி தடியாக வருகிறது.

நவம்பர் 9, ஞாயிறு

விளக்கைப் போட்டுக்கொண்டே எழுதுகிறேன். அம்மா எட்டிப் பார்த்து, “என்ன எழுதற?” என்றாள். “நம்ம கடையைப் பத்தி” என்றேன். “டப்பா வட்டத்தைப் பத்தி எழுது” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

இன்று சாயங்காலம் சித்தப்பா வண்டிக்கு வந்தார். வீட்டுக்கு விருந்தாளிகளாம். “அண்ணா, ரெண்டு செட்டு பார்சலு, சீக்கிரம்!” அப்பா குனிந்து துருவிக்கொண்டிருந்தார். “அண்ணோவ்!” வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தற்செயலாக நிமிர்ந்தார். தம்பியைப் பார்த்துச் சிரித்தார். கையைத் துடைத்துக்கொண்டு, தட்டு அடுக்கைக் காட்டினார்.

சித்தப்பா இரண்டு பச்சைத் தட்டு எடுத்து, வரிசையின் கடைசியில் வைத்தார்.

அம்மா நிமிரவில்லை. அந்தத் தட்டுகளின் முறை இன்னும் வரவில்லை.